அறியாமை யாருடையது? – மட்டக்களப்பு வாவிக்கரை அடுப்புப் புகையை முன்வைத்து ஒரு மறுப்பு

'அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு' என்னும் பழமொழி தமிழ்ச் சமூகத்தில் எத்தனை தலைமுறைப் பெண்களைப் பள்ளிக்கூட வாசலில் தடுத்து நிறுத்தியது என்பது யாவரும் அறிந்ததே. இன்று அதனைப் பல்கலைக்கழக மேடையில் எவரும் துணிந்து உரைப்பதில்லை. ஆயினும் அதன் மறுபக்கமாக அமைந்த வேறொரு வாய்பாடு ஆய்வின் பெயராலும் அபிவிருத்தியின் பெயராலும் தடையின்றி வழங்கி வருகின்றது. கிராமப்புறப் பெண்கள் கல்வி குன்றியவர்கள். ஆதலால் புகையின் தீங்கை அறியாதவர்கள். ஆதலால் விறகடுப்பை விடாதிருக்கின்றனர். ஆதலால் அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்படல் வேண்டும் என்பதே அவ்வாய்பாடு. பழமொழி அடுப்பைக் காட்டிப் படிப்பை மறுத்தது. புதிய வாய்பாடு படிப்பின்மையைக் காட்டி அடுப்பின் தீங்குக்கு அவளையே பொறுப்பாளியாக்குகின்றது.

இவ்வாய்பாடு தவறானது என்பதும், அது வெறும் தவறாக அமையாது சிலருக்கு வசதியான தவறாக அமைந்திருக்கின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் பெண்களின் அடுப்படிகளை முன்வைத்து இவ்வாதம் நோக்கப்படுகின்றது.

புகையின் தீங்கு

முதற்கண் ஓர் ஐயத்தைக் களைதல் அவசியம். விறகுப் புகை தீங்கற்றது எனவோ, புகைக்குள் வாழ்ந்த பாட்டிமார் தொண்ணூறு வயது கண்டனர் எனவோ வாதிப்பது இங்கு நோக்கமன்று. தீங்கு உண்மை, அது பெரியது. வீட்டினுள் எரிக்கப்படும் எரிபொருள்களின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மரணமடைந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள். நியூமோனியா, நாட்பட்ட சுவாச அடைப்பு நோய், மாரடைப்பு, பாரிசவாதம், நுரையீரற் புற்றுநோய், கண்ணிற் புரை ஆகியன இப்புகையோடு தொடர்புடையனவாக இன்று மருத்துவ உலகு ஏற்றுக்கொண்ட நோய்கள். விறகு முற்றாக எரியாதபோது வெளிப்படும் நுண்துகள்கள், 2.5 மைக்குரோமீற்றரிலும் சிறியனவாய், நுரையீரலின் ஆழத்தைச் சென்றடைகின்றன. கூடவே வெளிப்படும் காபனோரொட்சைட்டு குருதியில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைக் கவர்ந்து, கருப்பையிலுள்ள சிசுவுக்குச் செல்லும் ஒட்சிசனையும் குறைக்கின்றது.

இவ்வறிவு நேற்று வந்ததன்று. பர்மாவிற் பிறந்து இரங்கூனில் மருத்துவம் பயின்று, பின்னர் தில்லியில் இதயநோய் நிபுணராய் விளங்கிய எஸ். பத்மாவதி, 1959ஆம் ஆண்டிலேயே ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். நுரையீரற் பாதிப்பின் விளைவாக இதயத்தின் வலப்பக்கம் பழுதுறும் நோய் மேலை நாடுகளிற் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களிடம் காணப்பட, தில்லியில் அது புகைபிடிக்காத பெண்களிடமும் பரவலாகக் காணப்பட்டது ஏன் என்பதே அக்கேள்வி. காற்றோட்டமற்ற அறைகளில் விறகும் வரட்டியும் எரித்துச் சமைப்பதை அவரும் உடன் ஆய்வாளரும் காரணமாகச் சுட்டினர். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் கேர்க் சிமித்தும் அவரோடு பணியாற்றிய இந்திய ஆய்வாளரும் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை நேரடியாக அளந்து, மாநகரங்களின் மாசடைந்த காற்றினும் அது மிகக் கொடியதென நிறுவினர். 1959இல் மருத்துவ நூலகத்தில் இருந்த அறிவு ஆட்சியாளரின் மேசைக்கு வந்துசேர எத்தனை தசாப்தங்கள் சென்றன என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். அறியாமையைத் தேடுவோர் அதனை முதலில் அம்மேசைகளிலேயே தேடியிருத்தல் தகும்.

வாவிக்கரை அடுப்படி

வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, மட்டக்களப்பு நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்களும் குளங்களும் பற்றைக்காடுகளுமாய் விரிவது படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் எனத் தொடரும் படுவான்கரைக் கிராமங்கள் 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை பெரிதும் தோணியையும் பாதைப் படகையும் நம்பியிருந்தவை. போரின் சுமையையும் இடப்பெயர்வின் சுமையையும் ஒருங்கே தாங்கியவை. எரிவாயுச் சிலிண்டர் ஒரு கிராமத்தை எட்டும் பாதை எவ்வகையானது என்பதை அறியாமல் அக்கிராமத்தின் அடுப்பைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது.

எழுவான்கரை அடுப்பு பெரும்பாலும் தென்னையால் எரிவது. பாளை, பன்னாடை, மட்டை, சிரட்டை, பொச்சுமட்டை என மரத்தின் ஒவ்வோர் உறுப்பும் அங்கே எரிபொருளாகும். படுவான்கரை அடுப்பு பற்றைக்காட்டு விறகால் எரிவது. அவ்விறகைத் தேடிச் செல்லும் பெண் வெயிலோடும் முள்ளோடும் காட்டு யானையின் அச்சத்தோடும் போராடுகின்றாள். இவ்வெரிபொருள்களுள் எது விரைந்து பற்றும், எது கனன்று நிற்கும், எது கண்ணைக் கரிக்கும் என்பதை அவளைப் போல் அறிந்தவர் எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. பாளை சடுதியில் எரிந்து தணியும் எனவும், சிரட்டை புகை குறைவாகத் தணலாக நிற்கும் எனவும், ஈரம் உலராத பொச்சுமட்டை குசினி முழுவதையும் புகைக்காடாக்கும் எனவும் அவள் அறிவாள். மாரி தொடங்குமுன் விறகை வெட்டி அடுக்கி, அடுப்புக்கு மேலுள்ள பறணில் ஏற்றி உலர்த்துவது எதற்காக? ஈரவிறகு புகையும் என்ற அறிவினாலன்றோ? கச்சான் காற்று வீசும் காலத்தில் அடுப்பின் வாயை மாற்றி வைப்பதும், ஏணையைக் குசினியிலிருந்து அகற்றித் திண்ணைப் பக்கம் கட்டுவதும் அறியாமையின் அடையாளங்களா?

மாரி மாதங்களில் நிலைமை வேறாகின்றது. வடகீழ்ப் பருவமழை பொழிய, வாவி கரைகடந்து பெருக, விறகு நனைந்து, கிடுகுக் குசினியின் வாயில் சாக்கினாலோ தகரத்தினாலோ அடைக்கப்பட, புகைக்குப் போக்கிடம் இல்லாது போகின்றது. குளிருக்கு ஒதுங்கும் குழந்தை அடுப்பின் அருகே அமர்கின்றது. மழைக்காலக் காய்ச்சலும் இருமலும் தடிமனும் அதே மாதங்களில் வருகின்றன. ஆண்டின் மிகக் கொடிய புகை அவள் தெரிவு செய்த புகையன்று. மழையும் கூரையும் வறுமையும் சேர்ந்து அவள்மீது மூடிய புகை.

இதனோடு தொழிலும் சேர்கின்றது. நெல்லவித்தல், இடியப்பமும் அப்பமும் அவித்து விற்றல் முதலியன வாவிக்கரைப் பெண்கள் வீட்டு முற்றத்திலும் குசினியிலும் மேற்கொள்ளும் சிறுதொழில்கள். போரில் கணவனை இழந்தவளுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டும் அடுப்பே பிள்ளைகளின் பள்ளிச்செலவு. அவளிடம் போய்ப் புகையின் அருகே குறைந்த நேரம் இருக்குமாறு அறிவுறுத்துதல், கடலிற் குறைந்த நேரம் இருக்குமாறு மீனவனிடம் கூறுவதை ஒத்தது.

புகைக்குப் பயனும் உண்டு என அவள் கூறுவாள். கிடுகுக் கூரையைச் செல்லும் பூச்சியும் அரியாமற் காப்பது புகை. விதைக்கென வைத்த கதிரையும் சோளப் பொத்தியையும் வண்டு அண்டாமற் பேணுவது புகை. வாவியோரத்து நுளம்பை மாலையில் விரட்டுவதும் புகை. இவ்விடையைக் கேட்ட மாத்திரத்தில் 'தவறான நம்பிக்கை' எனக் குறித்துக்கொள்ளும் ஆய்வாளன், அவள் ஒரு கணக்கைச் சொல்லுகின்றாள் என்பதைக் காணத் தவறுகின்றான். கூரையை மாற்ற வசதியில்லாத வீட்டில் கூரையைக் காக்கும் பொருளுக்கு விலையுண்டு. அவள் தீங்கையும் பயனையும் நிறுத்துப் பார்த்தே பேசுகின்றாள்.

வினாக்கொத்தின் பொறி

விழிப்புணர்வு ஆய்வுகளின் கருவி வினாக்கொத்து. 'விறகுப் புகை உடல்நலத்துக்குக் கேடானது என்பதை அறிவீரா?' என்பது அதன் நடுநாயகமான கேள்வி. 'அறியேன்' என்று அவள் கூறினால் அறியாமை நிறுவப்படுகின்றது. 'அறிவேன்' என்று கூறினால், அறிந்தும் ஏன் மாறவில்லை என்ற அடுத்த கேள்வி எழுந்து, 'மனப்பாங்கு' என்னும் தலைப்பின்கீழ் அவளது குறை பதியப்படுகின்றது. எவ்விடை வரினும் குற்றம் அவளிடமே சென்று சேரும் வண்ணம் கேள்வி அமைக்கப்பட்டிருக்கின்றது. சிலிண்டரின் விலை என்ன, அவ்வாரம் வீட்டுக்கு வந்த கூலி எவ்வளவு, குசினியின் திட்டப்படத்தை வரைந்தவர் யார், வரைந்தவர் என்றேனும் சமைத்ததுண்டா என்னும் கேள்விகள் அங்கு இடம்பெறுவதில்லை. இடம்பெறாத கேள்விகளே ஓர் ஆய்வின் வர்க்க நிலைப்பாட்டை வெளிப்படுத்துவன.

சிகரெட்டை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். சிகரெட் பெட்டியின்மேல் நோயுற்ற உறுப்பின் படமே அச்சிடப்பட்டுள்ளது. அதனைப் பார்த்துக்கொண்டே புகைபிடிக்கும் கற்றோர் பலர் உளர். அவர்களது செயலைக் கல்வியின்மையால் வந்தது என எவரும் விளக்குவதில்லை. சிகரெட்டை எறிந்துவிட்டால் அவ்வீட்டில் எவரும் பட்டினி கிடப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டால் பிள்ளைகள் பட்டினி கிடப்பர். விட்டுவிடக் கூடியவனுக்கு இரக்கமும், விட முடியாதவளுக்குப் பாடமும் வழங்கப்படுகின்றன.

வாவிக்கரைக் கிராமங்களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்று திரும்பியோர் அநேகர். குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் இரண்டு, நான்கு ஆண்டுகள் எரிவாயு அடுப்பிலும் மின்னடுப்பிலும் சமைத்தவர்கள் அவர்கள். புகையற்ற குசினி எத்தகையது என்பதை எந்தக் கருத்தரங்கினும் தெளிவாக அவர்களது கண்ணும் நெஞ்சும் அறிந்துள்ளன. ஊர் திரும்பிய பின் அவர்களுட் பலர் மீண்டும் விறகடுப்பின் முன் அமர்கின்றனர். விமான நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் அவர்கள் விழிப்புணர்வை இழந்துவிட்டனரா? இழந்தது மாதாந்தச் சம்பளத்தை. கல்வியின்மையைக் காரணமாகக் கொள்ளும் வாய்பாடு இந்த ஓர் உதாரணத்தின் முன்னேயே நிலைகுலைந்துவிடுகின்றது.

இதனினும் வலிய சான்றை நாடு முழுவதும் கண்டது. 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டரின் விலை 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் 1,493 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட, அது 2,675 ரூபாவாயிற்று; 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. ஆண்டிறுதியில் எரிவாயு அடுப்புகள் வெடித்த சம்பவங்கள் அச்சமூட்டின. அதன்பின் பணம் கையில் இருந்தும் சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நிற்க நேர்ந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் அதிகரிக்கப்பட்டது. கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் எரிவாயுவன்றி வேறறியாத மத்தியதர வீடுகளின் முற்றங்களில் அப்போது விறகடுப்புகள் எழுந்தன. பட்டம் பெற்றவரும் பதவி வகிப்பவரும் புகைக்குள் கண்ணைக் கசக்கினர். அவர்களிடம் விழிப்புணர்வு குன்றிவிட்டது என எவரும் ஆய்வுக்கட்டுரை எழுதவில்லை. எரிவாயு இல்லை, பணமில்லை என்றே கூறப்பட்டது. அதே விளக்கம் படுவான்கரைப் பெண்ணுக்கு ஏன் மறுக்கப்படுகின்றது? நகரத்தான் விறகு எரித்தால் அது பொருளாதார நெருக்கடி, கிராமத்தாள் விறகு எரித்தால் அது அறியாமை என்னும் இரட்டை அளவுகோலே இங்கு வெளிப்படுகின்றது. 2022இல் நகரம் சில மாதங்கள் கண்ட நெருக்கடியையே கிராமம் தன் வாழ்நாளாகக் கொண்டிருக்கின்றது.

அடுப்பைச் சீர்திருத்தியோர்

அடுப்புச் சீர்திருத்தத்தின் வரலாறும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. 1950களில் ஐதராபாத் பொறியியல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகையற்ற குசினியை இலட்சோப இலட்சம் வீடுகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என எழுதிப் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வடிவமைத்தார். அந்நோக்கு வேரூன்றவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே உலகம் விறகின்பாற் கவனம் செலுத்தியது. அப்போதும் அதன் கவலை காடு அழிவது பற்றியதாக இருந்தது. இலங்கையில் சர்வோதய இயக்கத்தின் முயற்சிகளும், 1980களில் இலங்கை மின்சார சபையின் விறகுச் சேமிப்புத் திட்டமும், அவற்றின் வழிவந்த 'அனகி' அடுப்பும் விறகை மிச்சப்படுத்துவதையே தலையாய குறிக்கோளாகக் கொண்டிருந்தன. 'அனகி' என்னுஞ் சிங்களச் சொல் விலைமதிப்பற்றது எனப் பொருள்படும். இரண்டு பானைகளை ஏற்கும் அந்த மண்ணடுப்பைக் குயவர் குடும்பங்கள் ஆக்கி விற்றன; விறகும் நேரமும் மிச்சமாயின. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயின் அதில் புகைபோக்கி இல்லை. பெண்ணின் நெஞ்சு கணக்கில் ஏறியது பிற்காலத்திலேயே. கொள்கை வகுத்தோர் பல ஆண்டுகளாக மரத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுவிட்டு, இன்று பெண்ணைப் பார்த்து உன் நெஞ்சைப் பற்றி நீ ஏன் கவலைப்படவில்லை என வினவுவது விந்தையே.

'கொடுத்தாலும் பயன்படுத்தமாட்டார்கள்' என்பது எதிர்த்தரப்பின் அடுத்த வாதம். ஒடிசாவில் நடைபெற்ற ஆய்வொன்று அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அங்கு வழங்கப்பட்ட சீர்திருத்த அடுப்புகள் முதலாண்டில் புகையைச் சற்றுக் குறைத்தன. பின்னர் அவை பழுதுற்றன, பராமரிப்புக் குன்றியது, பயன்பாடும் குறைந்து நன்மை மறைந்தது. இதிலிருந்து பெண்களின் மனப்பாங்கே தடை என முடிவு காண்போர், உடைந்த அடுப்பைத் திருத்துவதற்கான ஏற்பாடு எத்தகையது என்பதைக் கவனிப்பதில்லை. இந்தியாவில் 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் 2019இற்குள் எட்டுக் கோடி ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பை வழங்கியது. இணைப்பைப் பெற்ற பலர் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரின் விலையைத் தாங்கமாட்டாது மீண்டும் விறகுக்குத் திரும்பினர். ஒருமுறை கொடுத்துப் படமெடுத்துக்கொள்வதும், தொடர்ந்து கிடைக்கச் செய்வதும் வேறு வேறானவை.

இதற்கு மாறான அனுபவம் தமிழ்நாட்டிலேயே உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 வீடுகளைக் கொண்டு நடைபெற்ற பெரிய ஆய்வொன்றில், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கிராமத்துக் கருவுற்ற பெண்களும் பங்குபற்றினர். அடுப்பும் எரிவாயுவும் 18 மாதங்கள் இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து தரப்பட்டன. பழுது திருத்தவும் ஏற்பாடு இருந்தது. அவ்வீடுகள் விறகை ஏறத்தாழ முற்றாகக் கைவிட்டன. மரபு, சுவை, மனப்பாங்கு என ஆய்வுநூல்களில் அடுக்கப்படும் தடைகள், சிலிண்டர் தவறாது வந்தபோது பெருந்தடைகளாக நிற்கவில்லை. அவ்வாய்வில் குழந்தைகளின் பிறப்பு நிறையில் எதிர்பார்த்த உயர்வு காணப்படவில்லை என்பதையும் நேர்மையுடன் கூறுதல் வேண்டும். வறுமை, போசாக்கின்மை, பல்லாண்டுப் புகை ஆகியவை சேர்ந்து செய்த தீங்கை ஓர் அடுப்பு பதினெட்டு மாதங்களிற் களைந்துவிடும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. அடுப்பை மட்டும் மாற்றினாற் போதாது என்பதே அதிலிருந்து பெறப்படும் பாடம். அடுப்பை மாற்றாது மனத்தை மாற்ற முனைவோருக்கு அதில் ஆதரவு ஏதும் இல்லை.

வீடு அவளுடையது, குசினி யாருடையது?

மட்டக்களப்புச் சமூக அமைப்பில் குடிவழி தாய்வழியாகச் செல்வது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக உரியவை. மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கு. பிற பிரதேசங்களோடு ஒப்பிடுகையில் இங்குப் பெண்ணுக்கு வீட்டின்மீதுள்ள உரிமை வலியது. ஆயின் 2004 டிசம்பரின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் வந்த வீட்டுத்திட்டங்கள் இவ்வழக்கைப் பொருட்படுத்தினவாகத் தெரியவில்லை. 'குடும்பத் தலைவர்' என்னும் நிருவாகச் சொல்லின் வழியே உரிமை ஆண்பெயருக்குச் சென்றமை குறித்து அன்றே பெண்கள் அமைப்புகள் கண்டனக் குரல் எழுப்பின. உரிமையே கேட்கப்படாதவளிடம் குசினி எவ்வாறு அமையவேண்டும் எனக் கேட்டிருப்பர் என எதிர்பார்த்தலும் வீண்.

ஐந்நூறு சதுர அடியளவில் வரையப்பட்ட திட்ட வீட்டில், படுக்கும் அறைக்கு அருகே, ஒரு சிறு யன்னலுடன் குசினி அமைந்தது. வரைந்தவரின் மனக்கண்ணில் இருந்தது எரிவாயு அடுப்பு. குடியேறியவளின் கையில் இருந்தது விறகு. புதுச்சுவர் கரிபடிந்து, புகை பிள்ளைகள் உறங்கும் அறையை நிறைத்தபோது, பல பெண்கள் வீட்டின் பின்புறம் கிடுகும் தகரமும் கொண்டு தனிக்குசினி அமைத்துக்கொண்டனர். அதனைப் 'பழைமையில் ஊறிய மனம்' எனக் குறித்தோர் உளர். உண்மையில் அது புகையையும் பிள்ளைகளின் மூச்சையும் பிரித்துவைத்த செயல். தீங்கை அறிந்தவள் தனக்கு எட்டிய வசதியைக் கொண்டு செய்த பொறியியல். அக்கொட்டில் தாழ்ந்தது, காற்றோட்டம் குன்றியது, மழைக்கு ஒழுகுவது என்பவை அவளது வசதியின் குறைகள்.

அறியவேண்டியோர்

பெண்கள் அறியாதவை எவையும் இல்லை என இக்கட்டுரை வாதிக்கவில்லை. கண்ணெரிவையும் இருமலையும் அறிந்தவள், கண்ணுக்குத் தெரியாத நுண்துகளையோ கருவிலுள்ள சிசுவுக்கு நேரும் குறையையோ அறிந்திராதிருக்கலாம். புகை கண்ணைக் கரிக்காவிட்டால் தீங்கில்லை எனக் கருதுதல் இயல்பு. அது முற்றிலும் சரியன்று. பொலித்தீன் பையையும் பிளாத்திக்குத் துண்டையும் கொண்டு தீமூட்டும் அண்மைக்கால வழக்கம் நச்சுப்புகையைத் தருவது. அதனைக் கைவிடப் பணம் வேண்டியதில்லை, தகவலே போதும். இத்தகைய இடங்களில் அறிவூட்டல் பயனுடையது. கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் அடுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவது நன்றே.

ஆயின் விழிப்புணர்வு மிகுதியாக வேண்டப்படுவது வேறிடங்களில். நாட்பட்ட இருமலோடு வைத்தியசாலைக்கு வரும் முதிய பெண்ணிடம் 'புகைபிடிப்பதுண்டா?' எனக் கேட்டு, 'இல்லை' என்ற விடையோடு நின்றுவிடும் மருத்துவம் இன்னும் பத்மாவதியின் 1959ஆம் ஆண்டுக் கேள்வியை எட்டவில்லை. 'எத்தனை ஆண்டுகள் அடுப்பூதினீர்?' என்னும் கேள்வி சுவாச நோயாளியின் பதிவேட்டில் இடம்பெறுதல் வேண்டும். வீட்டுத்திட்டம் வரையும் பொறியியலாளர், தம் படத்திலுள்ள குசினியில் ஈரவிறகை மூட்டி ஒரு மாரிகாலப் பொழுது சமைத்துப் பார்த்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு வீடுகளுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகையே நம்பியிருந்தன. அத்தகைய நாட்டில் புகைபோக்கியற்ற குசினியுடன் அரச உதவி வீடு அமைதல் திட்டமிடுவோரின் அறியாமையன்றி வேறென்ன? எரிபொருள் விலையைத் தீர்மானிப்போர், சிலிண்டரின் விலை உயரும் ஒவ்வொரு முறையும் எத்தனை குசினிகளில் புகை மீள்கின்றது என்பதைத் தம் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். வறிய குடும்பங்களுக்கான மானியம் ஒரு தடவைக் கொடையாக அமையாது தொடர்ந்து கிடைக்க வழிசெய்தல் வேண்டும்.

ஆண்களின் அறியாமையும் இங்கு எடுத்துரைக்கப்படல் தகும். குசினிக்குள் அமராதவனுக்குப் புகை ஒரு பிரச்சினையாகத் தோன்றுவதில்லை. வீட்டுக்குத் தொலைக்காட்சி வாங்கலாமா, கைத்தொலைபேசி வாங்கலாமா என ஆலோசிக்கும் வேளையில், குசினிக் கூரையை இரண்டு அடி உயர்த்துவது ஆலோசனைக்கே வருவதில்லை. விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் பெண்களை மட்டும் அழைத்துவிட்டு, பணத்தை முடக்கி வைத்திருப்பவனை வெளித்திண்ணையில் இருக்க விடும் வழக்கம் மாறவேண்டும்.

இறுதியாகப் பல்கலைக்கழகம். வாவிக்கரைக் கிராமங்களில் வினாக்கொத்தோடு இறங்கும் மாணவருட் பலர் அதே கிராமங்களின் பிள்ளைகள். தாயின் இருமலைக் கேட்டு வளர்ந்தவர்கள். தாய் அறியாமையிலா ஊதினாள் என அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால், அடுத்த ஆய்வின் கேள்விகள் வேறாக அமையும். அறியாமையை அளப்பதை விடுத்துப் புகையை அளக்கலாம். மாரியில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு, திட்டவீட்டுக் குசினியில் எவ்வளவு, பின்புறக் கொட்டிலில் எவ்வளவு என அளந்து, அக்கணக்கை முதலில் அப்பெண்களிடமே கையளிக்கலாம். கிராமிய வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் அவர்கள் எடுத்துச்சென்று வாதாடத்தக்க ஆயுதமாக அது அமையும். ஆய்வு எவரைப் பற்றியதோ அவருக்குப் பயன்படாத ஆய்வு, பட்டத்துக்கு மட்டுமே பயன்படும்.

படுவான்கரையில் இவ்விரவும் ஒருத்தி நாளைய விறகைப் பறணில் ஏற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேண்டியவை உலர்ந்த எரிபொருள், உயர்ந்த கூரை, புகைபோக்கி, கட்டுப்படியாகும் எரிவாயு, குசினியைத் தன் விருப்பப்படி அமைக்கும் உரிமை ஆகியன. இவற்றைக் கொடாதவர் அவளுக்கு அறிவைக் கொடுக்க முன்வருவது, கடனைத் திருப்பித் தராதவன் கடன்காரனுக்குச் சிக்கனம் போதிப்பதை நிகர்க்கும். அடுப்பூதியவர்களே படிப்பித்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கின்றனர். அப்படிப்பு அடுப்பூதியவளுக்கு எதற்குப் பயன்பட்டது என்னும் கேள்விக்கு விடை கூறவேண்டியவர்கள் அவர்களே.